யார் பெரிய டீம்? – தரப்புள்ளிகளின் கதை

1986-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே ஒரு விசித்திரமான முடிவை எடுத்தது. தரப்பட்டியலில் இருக்கும் பெண் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் ஆளுக்கு 100 புள்ளிகள் கூட்டித் தரப்படும். ஒரே ஒருவரைத் தவிர!

அந்த ஒருவர் ஹங்கேரியைச் சேர்ந்த சூசன் போல்கர். அப்போது அவருக்கு வயது 17. பெண்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவரும் அவர்தான். 1987 ஜனவரியில் புதுப் பட்டியல் வந்தபோது முதலிடம் அவர் கையை விட்டுப் போயிருந்தது. பலகையில் நடந்த ஆட்டத்தால் அல்ல, ஒரு கூட்டத்தில் போட்ட தீர்மானத்தால்.

ஃபிடே சொன்ன காரணம் இதுதான். மற்ற பெண்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே ஆடுகிறார்கள். அதனால் அவர்களுடைய புள்ளிகள் ஆண்களின் புள்ளிகளோடு ஒப்பிட முடியாதபடி குறைவாக இருக்கின்றன. போல்கரோ பெரும்பாலும் ஆண்களோடு மோதுகிறார். அவருடைய புள்ளி ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கிறது. எனவே அவருக்குக் கூடுதல் தேவையில்லை.

கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால் அத்தனை பேருக்கும் சரியாக 100 என்று யார் அளந்தது? கடினமான வழியில் போனவருக்குத் தண்டனை, எளிய வழியில் போனவர்களுக்குப் பரிசு என்று ஆகிவிடாதா?

இன்று கம்ப்யூட்டர் கேம் லீகுகளில் எந்த டீமை உலகப் போட்டிக்கு அழைப்பது, எந்த டீமை வீட்டுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் கணக்குகளுக்குள்ளும் இதே கேள்விதான் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கணக்குகள் எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறின என்பதே இந்தக் கட்டுரை.

தோற்றே முன்னேறலாம்!

இரண்டு பேர் நேராக மோதினால் யார் பெரியவர் என்று தெரிந்துவிடும். ஆயிரம் பேர் இருக்கும்போது எல்லோரும் எல்லோரோடும் மோத முடியாது. அப்போது யாரை எங்கே வைப்பது? சதுரங்கக்காரர்கள்தான் இந்தத் தொல்லையை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள்.

1948-இல் ஜெர்மனியில் 'இங்கோ' என்ற முறை வந்தது. ஆன்டன் ஹோஸ்லிங்கர் என்பவர் உருவாக்கி, தன் ஊரான இங்கோல்ஸ்டாட்டின் பெயரைச் சுருக்கி வைத்தார். அதில் எண் குறையக் குறைய ஆட்டக்காரர் பலசாலி. அமெரிக்காவில் 1950-இல் கென்னத் ஹார்க்னஸ் என்பவரின் முறை நடைமுறைக்கு வந்தது. அது மிகவும் எளிது. ஒரு போட்டியில் நீங்கள் எதிர்கொண்டவர்களின் சராசரிப் புள்ளியை எடுத்துக்கொள்ள வேண்டும். பாதி ஆட்டங்களை வென்றிருந்தால் அந்தச் சராசரியே உங்கள் அளவு. பாதிக்கு மேல் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 10 புள்ளி கூட்டல், பாதிக்குக் கீழே ஒவ்வொரு சதவீதத்துக்கும் 10 புள்ளி கழித்தல்.

இதில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. 1000 புள்ளி உள்ள ஒரு கற்றுக்குட்டி, சராசரி 1700 புள்ளி உள்ளவர்களோடு ஒரு போட்டியில் ஆடி எல்லா ஆட்டங்களிலும் தோற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெற்றி 0 சதவீதம். ஆகவே 1700-இலிருந்து 500 கழித்தால் 1200. அதாவது ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் அந்தப் போட்டியில் அவருடைய அளவு 1200 ஆகிவிடுகிறது! தகுதிக்கு மீறிய இடத்தில் போய் அடி வாங்கினாலே முன்னேறலாம்.

பேராசிரியர் எலோ

இதைச் சரிசெய்தவர் ஆர்பாட் எலோ. 1903-இல் ஹங்கேரியில் பிறந்து, 10 வயது வாக்கில் பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் குடியேறியவர். மில்வாக்கி நகரில் உள்ள மார்க்வெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். சும்மா பேப்பரில் கணக்குப் போட்டவர் அல்ல. விஸ்கான்சின் மாநில சதுரங்கப் பட்டத்தை எட்டு முறை வென்றவர்.

இயற்பியல்காரர் என்பதால் அவர் பிரச்சினையை அளவீட்டுப் பிரச்சினையாகப் பார்த்தார். ஒரு ஆட்டக்காரர் எல்லா நாளும் ஒரே மாதிரி ஆடுவதில்லை. ஒரு நாள் பிரமாதம், ஒரு நாள் சொதப்பல். ஆனால் இந்த ஏற்ற இறக்கம் ஒரு நடுப்புள்ளியைச் சுற்றியே நடக்கிறது. அந்த நடுப்புள்ளியை மதிப்பிடுவதுதான் வேலை. தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும் தக்கையை, காற்றில் அசையும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பது போன்றது இது என்று எலோவே ஒப்புக்கொண்டார். தன் அளவுகோலைப் பற்றி அவருக்கு அதிகக் கர்வம் இல்லை!

முறை எப்படி வேலை செய்கிறது? செல்வத்துக்கு 1800 புள்ளி, ரவிக்கு 1600 புள்ளி என்று கொள்வோம். வித்தியாசம் 200. இந்த வித்தியாசத்துக்கு எலோவின் கணக்குப்படி 100 ஆட்டங்கள் நடந்தால் செல்வத்துக்கு ஏறக்குறைய 76 வெற்றிப் புள்ளியும் ரவிக்கு 24-ம் கிடைக்க வேண்டும்.

இப்போது இருவரும் மோதுவதை ஒரு பந்தயம் போல நினைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு உண்டியல். அதில் மொத்தம் 32 புள்ளி போட வேண்டும். ஜெயிக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் செல்வம் 24 போடுகிறார், ரவி 8 போடுகிறார். ஜெயித்தவர் உண்டியலை எடுத்துக்கொள்கிறார். செல்வம் ஜெயித்தால் அவருக்கு லாபம் வெறும் 8. ரவி ஜெயித்தால் லாபம் 24. டிரா என்றால் பாதிப் பாதி. அப்போது ரவி 8 புள்ளி முன்னேறுவார், செல்வம் 8 இழப்பார். அவ்வளவுதான் எலோ முறையின் சாரம். பெரியவர் சின்னவரை ஜெயிப்பது செய்தியே அல்ல. சின்னவர் பெரியவரை ஜெயித்தால் அது செய்தி. எவ்வளவு ஆச்சரியமோ அவ்வளவு புள்ளி. (உண்டியலின் அளவான 32 என்பது இடத்துக்கு இடம் மாறும். அனுபவசாலிகளுக்குச் சிறிய உண்டியல், புதியவர்களுக்குப் பெரியது.)

அமெரிக்க சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இல் இதை ஏற்றது. ஃபிடே 1970-இல் ஏற்றது. ஆரம்ப ஆண்டுகளில் உலகப் பட்டியலுக்கான கணக்கை எலோவே உட்கார்ந்து போட்டார். அன்று பட்டியலில் இருந்தவர்கள் அவ்வளவு குறைவு. பின்னர் கிராண்ட்மாஸ்டர் பட்டமே இந்த எண்ணோடு பிணைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில் நம் சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த் 2800-ஐத் தாண்டியபோது உலகமே அதைக் கொண்டாடியது. அதற்கு முன் அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் மூன்றே பேர்.

மூடிய குளம்

எலோ முறையில் புள்ளி வானத்திலிருந்து விழுவதில்லை. ஒருவர் இழந்ததை இன்னொருவர் பெறுகிறார். அதனால் யார் யாரோடு மோதுகிறார்கள் என்பது முக்கியம். ஒரு குழு வெளியாரோடு மோதாமல் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால், அவர்களுடைய எண்கள் அவர்களுக்குள் சரியாக இருக்கும், வெளி உலகத்தோடு ஒப்பிட்டால் அர்த்தமற்றுப் போகும். கிணற்றுத் தவளைக்கு அந்தக் கிணற்றுக்குள் எது பெரிய தவளை என்று சரியாகவே தெரியும். கடலைப் பற்றிக் கேட்டால்தான் சிக்கல்.

இதற்கு மிகப் பிரபலமான உதாரணம் கிளாட் பிளட்குட். கொலைக் குற்றத்துக்காக அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சிறையில் ஆயுள் தண்டனை அனுபவித்தவர். சிறைக்குள் சக கைதிகளோடு ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடினார். வெளியே போய் மோத வழியில்லை. சிறைக்குள்ளேயே வென்று வென்று புள்ளி ஏறிக்கொண்டே போனது. 1996-இல் அவருடைய புள்ளி 2700-ஐத் தாண்டி, அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார்! காகிதத்தில் அவர் அமெரிக்காவின் தலைசிறந்த கிராண்ட்மாஸ்டர்களுக்குச் சமம். அதே பத்தாண்டில் பர்மிய ஆட்டக்காரர்கள் பலரும் இதே போலத் தங்களுக்குள் ஆடியே உலகப் பட்டியலில் வியக்கத்தக்க உயரத்துக்குப் போனார்கள்.

1987-இல் பெண்களுக்குக் கொடுத்த 100 புள்ளி இதே நோய்க்குக் கொடுத்த மருந்துதான். மூடிய குளத்தின் தண்ணீர் மட்டம் தாழ்ந்திருக்கிறது என்று நினைத்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார்கள். எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று ஆட்டங்களின் மூலம் ஆள் ஆளாக அளக்காமல் எல்லோருக்கும் ஒரே அளவில் ஊற்றியதுதான் குறை.

கம்ப்யூட்டருக்குள் வந்த ஏணி

1990-களின் பிற்பகுதியில் இன்டர்நெட் வழியாக மோதும் கேம்கள் பரவின. க்வேக், ஸ்டார்கிராஃப்ட், கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் என்று வரிசையாக வந்தன. 1997-இல் அமெரிக்காவின் டல்லாஸில் சைபர்அத்லீட் புரொஃபஷனல் லீக் தொடங்கியது. ஐரோப்பாவில் 1998 முதல் கிளான்பேஸ் போன்ற லீகுகள் வந்தன. 'கிளான்' என்று சொல்லப்பட்ட டீம்கள் ஆயிரக்கணக்கில் முளைத்தன.

அன்று பரவலாக இருந்தது 'லேடர்', அதாவது ஏணி முறை. எல்லா டீம்களின் பெயரும் மேலிருந்து கீழாக எழுதப்பட்டிருக்கும். கீழே உள்ள டீம் மேலே உள்ள டீமுக்குச் சவால் விடலாம். ஜெயித்தால் மேலே ஏறலாம். டென்னிஸ், ஸ்குவாஷ் கிளப்புகளில் காலங்காலமாக இருந்த வழக்கம்தான் இது. சுலபமாகப் புரியும். ஆனால் உச்சியில் இருப்பவனுக்கு ஆடாமல் இருப்பதே லாபம். ஏணியில் உன் இடத்தை நீ இழக்க ஒரே வழி ஆடுவதுதான் என்றால், யார் ஆடுவார்கள்?

1998-இல் வெளியான ஸ்டார்கிராஃப்ட் கேமில் பேட்டில்.நெட் வழியாக ஆடுபவர்களுக்கு 1000 புள்ளியில் தொடங்கும், எலோ வகைக் கணக்கு இருந்தது. உடனே குறுக்கு வழிகளும் வந்தன. இரண்டு நண்பர்கள் பேசி வைத்துக்கொண்டு ஒருவர் வேண்டுமென்றே தோற்பார். தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் சிலர் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓடுவார்கள். சதுரங்க ஹாலில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியும், நடுவர் இருப்பார். இங்கே இரண்டும் இல்லை.

காலிப் பெருங்காய டப்பா

ஆனால் பெரிய சிக்கல் வேறு. எலோவின் கணக்கு ஒருவருக்கு எதிராக ஒருவர் ஆடும் ஆட்டத்துக்காகப் போடப்பட்டது. ஐந்து பேர் சேர்ந்து ஆடினால் அந்த எண் யாருக்குச் சொந்தம்? டீமின் பெயருக்கா, ஆடிய ஆட்களுக்கா?

இந்தக் கேள்விக்கு மிக நல்ல பாடம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமில் கிடைத்தது. 2007 ஜனவரியில் அதில் 'அரீனா' என்ற மோதல் களம் சேர்க்கப்பட்டது. 2 பேர், 3 பேர், 5 பேர் என்று மூன்று வகை டீம்கள். டீமுக்கு ஒரு பெயர், அந்தப் பெயருக்கு 1500 புள்ளியில் தொடங்கும் ஒரு எண். வாராவாரம் டீமின் புள்ளியைப் பொறுத்து ஆட்களுக்கு ஒரு வகைச் சம்பளம். அதைக் கொண்டு கேமுக்குள் சிறந்த ஆயுதங்களையும் கவசங்களையும் வாங்கலாம்.

எண் டீமின் பெயரில் இருந்ததால் என்ன ஆயிற்று? நன்றாக ஆடும் சிலர் டீமின் புள்ளியை உயர்த்துவார்கள். பிறகு அந்த டீமில் ஒரு இடத்தைத் திறமையில்லாத ஒருவருக்குக் காசுக்கு விற்பார்கள். வாங்கியவர் மேல்வரிசை ஆயுதங்களோடு வெளியே வருவார். இன்னொரு பக்கம், சில ஆட்டங்கள் தோற்றுப் புள்ளி இறங்கினால், டீமையே கலைத்துவிட்டுப் புதுப் பெயரில் மறுபடி 1500-இல் தொடங்குவார்கள். அங்கே அப்போதுதான் வந்த அப்பாவிகள் இவர்களிடம் மாட்டிக்கொண்டு நொறுங்குவார்கள். பெருங்காயம் தீர்ந்த பிறகும் டப்பாவில் வாசனை இருக்கும். சமையலுக்கு ஆகாது, ஆனால் முகர்ந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. டீமின் பெயரில் ஒட்டிய புள்ளியும் அப்படித்தான்.

கேமை நடத்திய பிளிசார்ட் நிறுவனம் ஒவ்வொன்றாகச் சரிசெய்தது. முதலில் டீம் புள்ளியோடு ஆளுக்கும் தனிப் புள்ளி வந்தது. ஆயுதம் வாங்க ஆளின் புள்ளியும் பார்க்கப்பட்டது. 2008 வாக்கில், எதிராளியைத் தேர்ந்தெடுக்கக் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு எண் ஆளோடு ஒட்டி வைக்கப்பட்டது. டீமைக் கலைத்தாலும் அந்த எண் கூடவே வரும். கடைசியில் 2013-இல் நிரந்தர அரீனா டீம் என்ற ஏற்பாடே எடுக்கப்பட்டது. சுமார் ஆறரை ஆண்டுகளில் எண், டீமின் பெயரிலிருந்து மெல்ல மெல்ல ஆளின் தோளுக்கு இறங்கிவிட்டது.

எவ்வளவு தெரியாது என்பதும் ஒரு எண்

எலோ முறையில் இன்னொரு குறை. இரண்டு பேருக்கு 1500 புள்ளி. ஒருவர் 500 ஆட்டம் ஆடி அங்கே நிற்கிறார். மற்றவர் 5 ஆட்டம்தான் ஆடியிருக்கிறார். இரண்டு 1500-ம் ஒன்றா?

அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் மார்க் கிளிக்மன் 1995-இல் 'கிளிக்கோ' முறையைத் தந்தார். அதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள். ஒன்று தரப்புள்ளி. மற்றது அந்தப் புள்ளி மேல் எவ்வளவு சந்தேகம் என்பதற்கான அளவு. புதிதாக வருபவருக்குச் சந்தேகம் 350. ஆட ஆட அது குறையும். ஆடாமல் இருந்தால் மறுபடி மெல்ல ஏறும். ஒருவருக்குப் புள்ளி 1850, சந்தேகம் 50 என்றால், அவருடைய உண்மையான பலம் பெரும்பாலும் 1750-க்கும் 1950-க்கும் நடுவில் இருக்கும் என்று பொருள். சந்தேகம் அதிகமானால் புள்ளி வேகமாக மாறும். குறைவானால் மெதுவாக மாறும்.

கிளிக்மன் இதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அதனால்தான் இன்டர்நெட் சதுரங்கத் தளங்கள் முதல் 2012-இல் வந்த கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் குளோபல் அஃபென்சிவ் வரை பல இடங்களில் அதுவோ அதன் அடுத்த வடிவமான கிளிக்கோ-2-ஓ அடித்தளமாக அமைந்தது.

குரூப் புராஜெக்ட் மார்க்

டீம் சிக்கலை நேராகக் கையில் எடுத்தது மைக்ரோசாஃப்ட். 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 வெளிவந்தபோது அதோடு 'ட்ரூஸ்கில்' என்ற முறையும் வந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தில் ரால்ஃப் ஹெர்ப்ரிச், டாம் மிங்கா, தோர் கிரேப்பல் ஆகியோர் உருவாக்கியது.

இதைப் புரிந்துகொள்ள வகுப்பில் தரும் குரூப் புராஜெக்ட்டை நினைத்துக்கொண்டால் போதும். நான்கு பேர் சேர்ந்து செய்கிறார்கள். ஆசிரியருக்குத் தெரிவது குரூப்புக்கு விழுந்த மார்க் மட்டும்தான். யார் உழைத்தது, யார் பெயரை மட்டும் எழுதியது என்று தெரியாது. ஆனால் ஒவ்வொரு முறையும் குரூப்பை மாற்றி மாற்றிப் போட்டால்? ஒரு மாணவி எந்தக் குரூப்பில் இருந்தாலும் அந்தக் குரூப்புக்கு நல்ல மார்க் விழுகிறது என்றால், உழைப்பவர் யார் என்று தெரிந்துவிடும். ட்ரூஸ்கில் செய்வது இதைத்தான். டீமின் பலம் என்பது ஆட்களின் பலங்களைக் கூட்டினால் வருவது என்று எடுத்துக்கொள்கிறது. முடிவைப் பார்த்து ஒவ்வொரு ஆளின் எண்ணையும் கொஞ்சம் திருத்துகிறது. யாரைப் பற்றிச் சந்தேகம் அதிகமோ அவருடைய எண் அதிகம் மாறும்.

புதியவர் ஒவ்வொருவருக்கும் பலம் 25, சந்தேகம் 25-இல் மூன்றில் ஒரு பங்கு. வெளியே காட்டும்போது பலத்திலிருந்து சந்தேகத்தின் மூன்று மடங்கைக் கழித்துக் காட்டும். எனவே புதியவரின் எண் பூஜ்யம்! நிரூபித்த பிறகுதான் உயரும். 2007-இல் வந்த ஹேலோ 3 கேமில் 1 முதல் 50 வரையிலான படிகளுக்குப் பின்னால் இருந்தது இந்த முறைதான். 50-ஆம் படியை எட்டுவது ஒரு தலைமுறை இளைஞர்களுக்குக் கனவாக இருந்தது.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. ஒரே நான்கு பேர் எப்போதும் சேர்ந்தே ஆடினால், அதாவது குரூப்பை மாற்றவே இல்லையென்றால், யார் பலம் எவ்வளவு என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. அந்த நால்வரும் கணக்குக்கு ஒரே ஆள்தான். லீகுகளில் ஆடும் நிலையான டீம்கள் அப்படிப்பட்டவை. மேலும், பலங்களைக் கூட்டினால் டீமின் பலம் வந்துவிடுமா? ஐந்து பேரும் தலைவர்களாக இருந்தால் அடிக்கடி ஐந்து பேரும் சேர்ந்தே தோற்பார்கள்.

2018-இல் வெளியான ட்ரூஸ்கில் 2, வெற்றி தோல்வியோடு நிற்காமல் ஒவ்வொருவரும் எத்தனை எதிரிகளை வீழ்த்தினார், நண்பர்களோடு சேர்ந்து வந்தாரா, பாதியில் ஓடினாரா என்பதையும் கணக்கில் சேர்த்தது. ஹேலோ 5 கேமின் முடிவுகளை முன்கூட்டிச் சொல்வதில் பழைய முறை 52 சதவீதம்தான் சரியாகச் சொன்னது, புதியது 68 சதவீதம் சொன்னது என்று அதை உருவாக்கியவர்கள் எழுதினார்கள். ஆனால் இதில் ஆபத்தும் உண்டு. எதிரியை வீழ்த்தினால் புள்ளி என்று தெரிந்துவிட்டால், கொடியைக் காக்க வேண்டியவனும் அதை விட்டுவிட்டு வேட்டைக்குப் போய்விடுவான். அளவுகோலைப் பார்த்து ஆட ஆரம்பித்துவிட்டால் அளவுகோல் கெட்டுவிடும்.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் கேம் முதலில் எலோ எண்ணை வெளிப்படையாகக் காட்டியது. 2013-இல் அதை மறைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிகளாக மாற்றியது. ஆனால் வார்த்தை போகவில்லை. 'என் எலோ என்ன?' என்று கேட்கும் பல பேருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்றே தெரியாது. மூன்று ஆங்கில எழுத்துகளின் சுருக்கம் என்று நினைப்பவர்களும் உண்டு. தகுதியில்லாத கூட்டாளிகளால்தான் மேலே போக முடியவில்லை என்று புலம்புபவர்கள் அந்த நிலைக்கு 'எலோ நரகம்' என்று பெயர் வைத்தார்கள். 1992-இல் மறைந்த பேராசிரியர் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அழைப்பிதழைத் தீர்மானிக்கும் எண்

வீட்டில் உட்கார்ந்து ஆடுபவருக்கு எண் என்பது கௌரவம். தொழில்முறை டீமுக்கு அது பிழைப்பு. பெரிய போட்டிக்கு அழைப்பு வந்தால் பரிசுப் பணமும் ஸ்பான்சரும் வரும். வராவிட்டால் டீம் கலையும்.

கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கில் 2015 முதல் ஹெச்எல்டிவி என்ற செய்தித் தளம் வாரந்தோறும் டீம் தரவரிசை வெளியிட்டு வந்தது. ஆனால் எந்தப் போட்டிக்கு யாரை அழைப்பது என்பது பல இடங்களில் நடத்துபவர்களின் விருப்பமாகவும், சில டீம்களோடு அவர்கள் போட்ட ஒப்பந்தமாகவும் இருந்தது. 2023-இல் கேமின் உரிமையாளரான வால்வ் நிறுவனம் ஒரு அறிவிப்பு செய்தது. 2025 முதல் பெரிய போட்டிகளுக்கு வால்வின் தரவரிசைப்படியோ அல்லது யாரும் கலந்துகொள்ளக்கூடிய தகுதிச் சுற்று மூலமோதான் டீம்களைச் சேர்க்க வேண்டும்.

அந்தத் தரவரிசையின் கணக்கை வால்வ் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. வென்ற பரிசுப் பணம், தோற்கடித்த டீம்களின் தகுதி, நேரடி அரங்கில் பெற்ற வெற்றிகள் ஆகியவற்றை வைத்து முதலில் ஒரு தொடக்கப் புள்ளி. பிறகு நேருக்கு நேர் மோதிய முடிவுகளை வைத்துக் கிளிக்கோ வகையில் திருத்தம். பெருங்காய டப்பா சிக்கலுக்கும் பதில் இருக்கிறது. புள்ளி டீமின் பெயருக்கு அல்ல, ஐந்தில் மூன்று பேராவது ஒன்றாக இருக்கும் கூட்டத்துக்கே சேரும். ஆனால் உடனே டீம்கள் புள்ளிக்காகச் சிறிய போட்டிகளைத் தேடித் தேடி ஓடுகின்றன என்ற குறையும் கிளம்பியது.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் நோய் வேறு. கொரியா, சீனா, ஐரோப்பா, வட அமெரிக்கா என்று தனித்தனி லீகுகள். ஆண்டில் பெரும் பகுதி அவரவர் பகுதிக்குள்ளேயே ஆடுகிறார்கள். உலகப் போட்டியிலும் ஒன்றிரண்டு சர்வதேசப் போட்டிகளிலும் மட்டுமே சந்திக்கிறார்கள். பிளட்குட்டின் சிறையைப் போல, இதுவும் மூடிய குளங்கள்தான். 2024-இல் ரயட் நிறுவனம் வெளியிட்ட உலகத் தரவரிசையில் டீமுக்கு ஒரு எலோ எண், அந்த டீம் ஆடும் லீகுக்கே ஒரு எண் என்று இரண்டையும் சேர்த்தார்கள். வெளியே போன டீம் ஜெயித்தால் அந்த லீகின் எண்ணும் ஏறும், தோற்றால் இறங்கும்.

கூர்ந்து பார்த்தால் இது 1987-இன் 100 புள்ளிதான். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம். அன்று வாளியின் அளவைக் கூட்டத்தில் முடிவு செய்தார்கள். இன்று குளங்களுக்கு நடுவே ஓடும் சிறு வாய்க்காலில் வரும் தண்ணீரை அளந்து முடிவு செய்கிறார்கள். இது நிச்சயம் முன்னேற்றம். ஆனாலும் போல்கரின் கேள்வி முழுதாகத் தீரவில்லை. பலவீனமான லீகில் பிறந்த ஒரு பலமான டீம், தன் பக்கத்து டீம்கள் வெளிநாட்டில் தோற்றதற்கும் சேர்த்து விலை கொடுக்கிறது. அது தன்னை நிரூபிக்க ஆண்டுக்கு ஒன்றிரண்டு வாய்ப்புகள்தான்.

ஆடாமல் ஜெயித்தவர்கள்

எண்ணுக்கு மதிப்பு வந்த இடத்திலெல்லாம் எண்ணைப் பூட்டி வைக்கும் பழக்கமும் வந்தது. கால்பந்தில் பழைய ஃபிஃபா ஆண்கள் தரவரிசைப்படி நட்புப் போட்டிகள் ஆடினால் சராசரி குறையும். போலந்து 2017-இல் நட்புப் போட்டிகளைத் தவிர்த்து, 2018 உலகக் கோப்பைக் குலுக்கலில் முதல் வரிசை அணிகளில் ஒன்றாக நுழைந்தது. உலகக் கோப்பையில் தன் பிரிவில் கடைசி இடம்! 2018-இல் ஃபிஃபா எலோ வகை முறைக்கு மாறிவிட்டது. பெண்கள் தரவரிசையில் 2003-லேயே அந்த முறை வந்திருந்தது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2022-இல் சீனாவின் டிங் லிரனுக்கு உலகின் உச்ச வரிசைப் புள்ளி இருந்தது, ஆனால் தொற்றுநோய்க் காலத்தில் பயணம் செய்ய முடியாமல் போதிய ஆட்டங்கள் ஆடவில்லை. கேண்டிடேட்ஸ் போட்டியில் ஒரு இடம் காலியானபோது அவருக்காகச் சீனாவில் அவசர அவசரமாகப் போட்டிகள் நடத்தி ஆட்டக் கணக்கை நிரப்பினார்கள். அப்படி உள்ளே வந்தவர் 2023-இல் உலக சாம்பியனே ஆனார். அதை ஏமாற்று என்று சொல்வதா, நியாயம் என்று சொல்வதா? 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் அவரை வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டார். பட்டம் ஒரு அரங்கில் கைமாறும், புள்ளி மெல்ல மெல்லத்தான் நகரும். இரண்டும் ஒன்றல்ல.

ஆர்பாட் எலோ தந்தது ஒரு கணிப்பு. 76 சதவீதம் என்று சொல்லும் அதே கணக்கு, மீதி 24 சதவீதம் சின்னவருக்கு உண்டு என்றும் சொல்கிறது. அந்தக் கணிப்பை வாசலில் காவலுக்கு நிறுத்தியது பின்னால் வந்தவர்கள். ஒரு டீமுக்கு அழைப்பு வரவில்லை என்றால், அந்த எண் எந்தக் குளத்தில் அளக்கப்பட்டது, அது டீமின் பெயருடையதா ஆட்களுடையதா, எத்தனை ஆட்டங்களை வைத்துச் சொல்லப்பட்டது என்ற மூன்று கேள்விகளையும் கேட்க அந்த டீமுக்கு உரிமை இருக்கிறது.

சூசன் போல்கர் என்ன ஆனார்? கணக்கோடு சண்டை போட்டுக்கொண்டே அவர் ஆடுவதை நிறுத்தவில்லை. 1991 ஜனவரியில், ஆண்களுக்கு இருந்த அதே விதிகளின்படி போட்டிகளில் தகுதியும் புள்ளியும் பெற்று கிராண்ட்மாஸ்டர் ஆன முதல் பெண் என்ற பெருமையை அடைந்தார். அந்த 100 புள்ளி கடைசி வரை அவருக்குத் தேவைப்படவே இல்லை.